"இத யாரு கண்ணு சொன்னாங்க?" – ரெஃபரன்ஸ் லிஸ்ட் பத்தி ஒரு எபிசோட்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தீசிஸ் எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல "ரெஃபரன்ஸ்"னு ஒரு லிஸ்ட் போடுவோமே, இன்னைக்கு முழுக்க அதைப் பத்திதான். ஸ்கிப் பண்ணிடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல கல்வராயன் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். என் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் ரிப்போர்ட்ல 22 ரெஃபரன்ஸ் இருந்துச்சு. நான் படிச்சது ரெண்டு. மிச்சம் இருபதும் சீனியர் ரிப்போர்ட்ல இருந்து காப்பி, பேஸ்ட். அவர் எங்கிருந்து எடுத்தார்னு அவருக்கே தெரியாது. வைவால எக்ஸ்டர்னல் ஒருத்தர் லிஸ்ட்டைப் புரட்டிட்டு, "பதினாலாவது பேப்பர் என்ன சொல்லுது தம்பி?"ன்னு கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். மார்க் வந்துடுச்சு. ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் நான் இதைப் பத்தி யோசிக்கவே இல்லை, போன வருஷம் என் சித்தி பொண்ணு போன் பண்ற வரைக்கும். எங்க ஊரு கள்ளக்குறிச்சி. அவ எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு கல்வராயன் மலைல இருக்கிற மலையாளி பழங்குடி மக்களோட கல்யாணச் சடங்குகளை எடுத்திருந்தா. மலையாளின்னா கேரளா இல்லைங்க. மலையை ஆள்றவங்க, மலைல வாழ்றவங்கன்னு அர்த்தம். தமிழ் பேசுற மக்கள். இணையத்துல "மலையாளி கல்யாணம்"னு தேடினா வர்றது பூராவும் கசவு சேலைதான்.

"அண்ணா, ஒரு பிரச்சினை. நான் எழுதினதை ஒரு ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க கோவமாயிட்டாங்க"ன்னா.

அவ எழுதின வாக்கியம் இது: "மலையாளிகள் கல்வராயன் மலையில் முன்பு வாழ்ந்த வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்தனர். அதன் நினைவாகத் திருமணத்தில் துப்பாக்கி சுடுகின்றனர் (தர்ஸ்டன், 1909)."

வாக்கியம் சுத்தமா இருக்கு. அடைப்புக்குறி இருக்கு, வருஷம் இருக்கு. சாஃப்ட்வேர் பாஷைல சொன்னா கம்பைல் ஆயிடுச்சு. ஆனா வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணைல இதைப் படிச்சுக் காட்டினதும் அந்த ஆயா கேட்ட கேள்வி: "என் கல்யாணத்துல அப்படி ஒண்ணும் நடக்கலியே. நாங்க ஆளைக் கொன்னோம்னு இத யாரு கண்ணு சொன்னாங்க?"

இவ "புக்குல இருக்கு ஆயா"ன்னு சொல்லியிருக்கா. "புக்குக்கு யாரு சொன்னாங்க?"ன்னு அடுத்த கேள்வி.

இதைவிட நல்ல ரெவ்யூ கமென்ட் எந்த ஜர்னல்லயும் வராது. சரி, தேடிப் பார்ப்போம்னு ரெண்டு பேரும் உக்காந்தோம்.

முதல் கேள்வி: "தர்ஸ்டன் புக்கைப் படிச்சியாம்மா?" இல்லையாம். ஒரு வெப்சைட்ல இருந்து எடுத்ததாம். அந்தப் பக்கத்துல கீழ தர்ஸ்டன் பேர் இருந்துச்சு, அதைத் தூக்கி இங்க போட்டுட்டா. என் 22 ரெஃபரன்ஸ் கதையேதான்.

எட்கர் தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்துல கண்காணிப்பாளரா இருந்தவர். கே. ரங்காச்சாரி உதவியோட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909-ல ஏழு தொகுதி போட்டார். ஸ்கேன் காப்பி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசமா கிடைக்குது. நாலாவது தொகுதியைத் திறந்தோம். துப்பாக்கிக் கதை இருக்கு. ஆனா தர்ஸ்டன் அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பா சொல்லலை. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதினதைத்தான் எடுத்துப் போட்டிருக்கார். பிரான்சிஸ் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. 1906-ல தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியரை எழுதினவர். அவரும் "இப்படி நடந்தது"ன்னு அடிச்சுச் சொல்லலை. இப்படி ஒரு கதை வழங்குதுன்னுதான் சொல்றார். அவருக்கு அதைச் சொன்னது யாரு? தர்ஸ்டன் எடுத்துக் கொடுத்த பகுதில அந்தப் பேர் இல்லை.

இப்ப சங்கிலியைப் பாருங்க. மலைல யாரோ ஒருத்தர் சொன்னார். பிரான்சிஸ் எழுதினார். தர்ஸ்டன் எடுத்தாண்டார். வெப்சைட் சுருக்கிப் போட்டுச்சு. என் தங்கச்சி காப்பி பண்ணா. ஒவ்வொரு படியிலயும் ஒரு "-ஆம்" உதிர்ந்துபோச்சு. "கொன்றார்களாம்"னு கிளம்பினது "கொன்றனர்"னு வந்து நிக்குது. அதுக்கு ஒரு அடைப்புக்குறியும் கிடைச்சதால இனிமே யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

அந்த ஆயாவுக்கு ஏன் அவ்வளவு கோவம்னு எங்க ஊர்க்காரனா எனக்குப் புரியுது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் கல்வராயன் மலை பேர்தான். அந்த மக்களோட வாழ்க்கை நிலையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பத்திப் பேச்சு வந்தது நல்லதுதான். ஆனா வெளில பலர் மனசுல நின்னது "மலை, சாராயம்"ங்கிற ரெண்டே வார்த்தை. அதுக்கு மேல ஒரு காலேஜ் பொண்ணு வந்து "நீங்க கொலைகாரங்க வம்சம்"னு படிச்சா எப்படி இருக்கும்?

சரி, இதை எப்படிச் சரி பண்றது? இந்த இடத்துலதான் ரெஃபரன்ஸ் விதிகள் நிஜமா உதவுது.

ஒண்ணு. நீங்க கையில வச்சுப் படிச்சதை மட்டும்தான் லிஸ்ட்ல போடணும். பிரான்சிஸோட மூலப் புத்தகம் கிடைச்சா அதைப் படிச்சுட்டு அதையே போடுங்க. கிடைக்கலைன்னா "பிரான்சிஸ் 1906, தர்ஸ்டன் 1909-இல் எடுத்தாண்டபடி"ன்னு கட்டுரைக்குள்ள எழுதுங்க. லிஸ்ட்ல தர்ஸ்டன் மட்டும். ஏபிஏ ஸ்டைலும் இதைத்தான் சொல்லுது. பக்க எண் கண்டிப்பா போடுங்க. ஏழு தொகுதிப் புத்தகத்துல "தர்ஸ்டன், 1909"ன்னு மட்டும் சொல்றது, "கள்ளக்குறிச்சில ஒரு வீடு"ன்னு அட்ரஸ் கொடுக்கிற மாதிரி.

ரெண்டு. ஸ்டைல் எதுவா இருந்தாலும் ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. சமூக அறிவியல்ல பெரும்பாலும் ஏபிஏ: ஆசிரியர், வருஷம். இலக்கியத்துல எம்எல்ஏ: ஆசிரியர், பக்கம். வரலாறுன்னா சிகாகோ ஸ்டைல் அடிக்குறிப்பு. நம்ம இன்ஜினியரிங் ஆளுங்களுக்கு ஐ-ட்ரிபிள்-இ: சதுர அடைப்புக்குள்ள நம்பர். கமா எங்க, புள்ளி எங்கங்கிறதை எல்லாம் ஜோட்டேரோ மாதிரி இலவச மென்பொருள்கிட்ட விட்டுடலாம். ஆனா உள்ள போற தகவல் சரியா இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்.

மூணு. நம்ம பேர் பிரச்சினை. இந்த மென்பொருள் எல்லாம் கடைசி வார்த்தைதான் குடும்பப் பேர்னு நம்புது. நமக்கு ஏதுங்க குடும்பப் பேர்? அப்பா பேர்தான் இனிஷியல். முருகன் கந்தசாமின்னு ஒருத்தர் பேப்பர் எழுதினா, லிஸ்ட்ல "கந்தசாமி, மு."ன்னு வந்து நிக்கும். எழுதினது முருகன், பேர் வாங்குறது அவங்க அப்பா! பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின பேப்பர்ல அப்பா, அப்புறம் எழுதினதுல வீட்டுக்காரர். அதனால புத்தக அட்டைல பேர் எப்படி இருக்குன்னு பாத்து, அவரோட சொந்தப் பேரை முன்னாடி வைங்க. ஜோட்டேரோல பேரை ஒரே கட்டத்துல போடுற வசதி இருக்கு. பிப்டெக்ஸ்ல ரெட்டை நெளிவு அடைப்புக்குள்ள போட்டா அது பேரைப் பிரிச்சு மேயாது.

நாலு. ஊர்ப் பேரும் மாறும். கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது 2019 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன்னாடி தென்னாற்காடு. பழைய ஆங்கிலப் புத்தகங்கள்ல மலையோட பேரே "கல்ராயன்". அதே மலையோட இன்னொரு பக்கம், கருமந்துறை, சேலம் மாவட்டம். இது தெரியாம "கள்ளக்குறிச்சி"ன்னு மட்டும் தேடிட்டு "இப்பகுதி பற்றி முன் ஆய்வுகள் இல்லை"ன்னு எழுதிடாதீங்க.

அஞ்சு. ஏஐ. "கல்வராயன் மலை பத்தி பத்து ரெஃபரன்ஸ் கொடு"ன்னு சாட்பாட்கிட்ட கேட்டா கொடுக்கும். ஆசிரியர், வருஷம், ஜர்னல் எல்லாம் அழகா இருக்கும். சிலது உலகத்துலயே இருக்காது. 2023-ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை பண்ணின தீர்ப்புகளை கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. எந்த ரெஃபரன்ஸா இருந்தாலும் திறந்து பாத்த பிறகுதான் உங்க லிஸ்ட்டுக்குள்ள வரணும்.

பயமுறுத்த ஒண்ணு சொல்லணும்னா, யுஜிசி-யோட 2018 விதிமுறைப்படி ஒத்துப்போற பகுதி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை. 10-ல இருந்து 40 வரை திருத்தி மறுபடி கொடுக்கணும். 40-ல இருந்து 60 வரைன்னா ஒரு வருஷம் காத்திருக்கணும். 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. முறையா மேற்கோள் காட்டின பகுதியை இந்தக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. என் தங்கச்சியோட முதல் வாக்கியம் அந்தச் செக்கிங்கை ஜாலியா தாண்டியிருக்கும். அவளே சொந்தமா எழுதின வாக்கியம்தானே! சதவீதம் சரியா இருந்தாலும் விஷயம் தப்பா இருக்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. இறையனார் களவியல் உரைல, இந்த உரை நக்கீரர்ல ஆரம்பிச்சு அவர் மகனுக்கு, அவர்கிட்ட இருந்து அடுத்தவருக்குன்னு, முசிறி நீலகண்டனார் வரைக்கும் யார் யார் வழியா வந்ததுன்னு வரிசையாப் பேர் சொல்லுது. உ.வே.சாமிநாதையர் தன் பதிப்புகள்ல எந்த ஏடு எங்கிருந்து கிடைச்சதுன்னு முன்னுரைல எழுதுவார். "இது எனக்கு யார் வழியா வந்தது"ன்னு சொல்றது நம்ம பழக்கமும்தான்.

இப்ப ஆயாவுக்கு வருவோம். அவங்க அன்னைக்கு ரொம்ப நேரம் பேசினாங்க. காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பிங்க கதை, அவங்க கல்யாணம் எப்படி நடந்ததுங்கிறது, எல்லாம். இதை எப்படி ரெஃபரன்ஸ் போடுறது? ஏபிஏ-படி பதிவாகாத பேச்சு "தனிப்பட்ட தகவல் தொடர்பு". கட்டுரைக்குள்ள ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான். லிஸ்ட்ல வராது. அதாவது 1906-ல கேட்டு எழுதின அதிகாரிக்கு லிஸ்ட்ல இடம் உண்டு. அந்த மலைலயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு இடம் இல்லை. கனடாவுல லொரிசியா மெக்லியோட்னு ஒரு நூலகர் இதே கேள்வியைக் கேட்டு, பழங்குடி மூத்தவங்களை லிஸ்ட்லயே போடுறதுக்கு ஒரு வடிவம் உருவாக்கினாங்க: பேர், சமூகம், வாழ்ற இடம், பேசின விஷயம், தேதி.

நம்மூர் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள்ல இதுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கு. பின்னிணைப்புல "தகவலாளர் பட்டியல்"னு ஒண்ணு போடுவாங்க: பேர், வயசு, ஊர். என் தங்கச்சியும் அதைப் போட முடிவு பண்ணா. ஆனா பேர் போடலாமான்னு கேட்கணும்ல? கள்ளக்குறிச்சில பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியா மறுபடி மேல போனா. ஆயா சொன்னது: "அந்த வெள்ளைக்காரர் பேரு இருக்குல்ல? என் பேரும் போடு. நாளைக்கு யாராச்சும் தப்புன்னா என்னைய வந்து கேக்கட்டும்."

கடைசில அந்த இடம் இப்படி மாறுச்சு: "மலையாளிகள் வேடர்களை வென்று குடியேறியதாகவும், திருமணத்தில் துப்பாக்கி சுடுவது அதன் நினைவு என்றும் ஒரு கதை வழங்கியதாக பிரான்சிஸ் 1906-இல் பதிவு செய்கிறார் (தர்ஸ்டன், 1909-இல் எடுத்தாண்டபடி). வெள்ளிமலைப் பகுதியில் நேர்காணல் அளித்த மூதாட்டி, தம் திருமணத்தில் அவ்வாறு நிகழவில்லை என்கிறார் (தகவலாளர் 3)." கொஞ்சம் நீளம்தான். ஆனா யார் சொன்னது, எப்பச் சொன்னது, யார் வழியா வந்ததுன்னு மூணும் தெரியுது. ரெண்டு பேர்ல யார் சரின்னு படிக்கிறவங்க தேடிப் போக வழி இருக்கு.

ஆயா பேரை நான் இங்க சொல்லலை. அவங்க அனுமதி கொடுத்தது அந்த ஆய்வேட்டுக்குத்தான், என் பாட்காஸ்ட்டுக்கு இல்லை.

இந்த வாரம் ரிப்போர்ட் சப்மிட் பண்ணப்போறவங்க ஒரு வேலை செய்யுங்க. உங்க லிஸ்ட்ல பதினாலாவது ரெஃபரன்ஸ் எதுவோ, அதைத் திறந்து நீங்க சொன்னது அதுல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடிச்சுடுங்க. 22 எட்டா குறைஞ்சாலும் பரவால்ல. வைவால ஃபேனைப் பாக்க வேண்டிய அவசியம் வராது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.