தோட்டக் கந்தோரும் மின்னஞ்சற் சுமையும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். தெமோதரையில் வளைந்து வந்து தன்னையே கீழாகக் கடந்து செல்லும் அப்பாதை இன்றும் ஒற்றைத் தண்டவாளமே. எதிரே வண்டி வருமாயின், மற்றது நிலையத்திலே காத்து நிற்கும். ஊவாவின் தோட்டக் கந்தோர்களில் மின்னஞ்சலைப் பொறுப்பேற்று நடத்துவோர் இந்த ஒற்றைப் பாதையை மனத்திற் கொள்வது நலம்.

பசறையிலோ அப்புத்தளையிலோ உள்ள ஒரு தோட்டக் கந்தோரை எண்ணிப் பாருங்கள். லயத்தின் கூரை பழுதாயிருக்கிறது. அதனைக் கைபேசியிற் படமெடுத்து, ஐந்து படங்களை ஒரே கடிதத்தில் இணைத்து, பத்துக் கந்தோர்களுக்கு அனுப்புகிறார் பெரிய கிளாக்கர். படமொன்று நான்கு மெகாபைட். ஆகவே மொத்தம் 20 என்பது அவர் கணக்கு. அக்கணக்கு பிழை.

மின்னஞ்சல் முதலில் எழுத்துகளைச் சுமப்பதற்கென்றே அமைந்தது. படங்களையும் அதில் ஏற்றும் 'மைம்' என்னும் முறையைப் போரன்ஸ்டீன், பிரீட் என்னும் இருவர் 1992இல் வகுத்தனர். அம்முறையிலே படம் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பங்கு நான்கு பங்காகப் பெருகுகிறது. 20 மெகாபைட் ஏறத்தாழ 27 ஆகிவிடும்.

நொடிக்கு ஒரு மெகாபிட் மட்டுமே மேலனுப்பும் இணைப்பில், 27 மெகாபைட் செல்ல மூன்றரை நிமிடத்துக்கு மேலாகும். பத்துக் கந்தோர்களுக்கும் தனித்தனிச் சேவையகம் இருப்பின், அரைமணி நேரத்திற்கு மேல். அதுவும் பிறர் யாரும் இணைப்பைத் தொடாதிருந்தால்! இடையே மழையும் மின்னலும் வந்து இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வழக்கம் மின்னஞ்சலுக்கு இல்லை. முதலிலிருந்தே புறப்பட வேண்டும்.

இதனிலும் கொடியது நிரம்பிய அஞ்சற்பெட்டி. பெட்டி நிரம்பியபின், இரண்டே வரியுள்ள கடிதமும் திருப்பி அனுப்பப்படும். அந்த இரண்டு வரி மண்சரிவு எச்சரிக்கையாயின் என் செய்வது? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்த, மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதையுண்டதை ஊவா மக்கள் மறக்கவில்லை. அங்கே குறை அஞ்சலில் இருந்ததன்று. அச்சரிவின் ஆபத்து முன்னரே சொல்லப்பட்டிருந்தது. எனினும், எச்சரிக்கை செல்லும் வழியைக் கூரைப் படங்களால் அடைத்து வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

கடிதத்தின் அளவுக்குச் சேவையகத்தில் எல்லை விதிப்பது எளிது. ஆனால் மாற்றுவழி காட்டாது எல்லை மட்டும் விதித்தால், ஒரு சுமையை ஐந்து கடிதங்களாகப் பிரித்து அனுப்புவார்கள்; கெட்டிக்காரத்தனத்திற்குக் கந்தோர்களிற் பஞ்சமில்லை. பெரிய கோப்பைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஒருமுறை ஏற்றி, அதன் முகவரியை மட்டும் கடிதத்தில் எழுதலாம். வேண்டியவர் எடுத்துக்கொள்வர். படத்தைச் சுருக்கினால் சில நூறு கிலோபைட்டிலேயே கூரையின் ஓட்டை நன்கு தெரியும். அவசரமற்றவற்றை இரவில் ஏற்றலாம்.

எச்சரிக்கைகளுக்குத் தனி அஞ்சற்பெட்டி வைத்து, அதில் படம் எதனையும் ஏற்காதிருத்தல் வேண்டும். அதனையும் முழுதாக நம்பியிருத்தல் கூடாது. மலையிலே மின்சாரம் நின்ற இரவில் அப்பெட்டியைத் திறப்பார் எவர்? செய்தியைத் தொலைபேசியிலும் சொல்லி, லயத்துக்கு ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும்.