குறியிடும் துவக்கு

ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் அடங்கிய நெல்வயல் நாட்டிலே, "குறி" என்றவுடன் முதியோரின் நினைவுக்கு வருவது மாட்டுப் பட்டியேயாகும். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் மாட்டின் உடலிற் சுடப்படும் அடையாளம் அது. தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இம்மாடு இன்ன குடியாருடையது என்பதை அக்குறி கொண்டே அறிந்து வந்தனர். வேட்டைக்காரன் பார்க்கும் குறியோ வேறு. அடையாளமும் இலக்குமாகிய இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய கருவி ஒன்று உண்டு. பெயின்ற்போல் என்னும் விளையாட்டிற் பயன்படும் வண்ணக்குண்டுத் துவக்கே அது. அதன் பழைய வகையொன்றைத் தேடிப் பெற விரும்புவோர், முதலில் அதன் பிறப்பை அறிதல் நன்று.

அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே நெல்சன் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனத்தார் காட்டிலாகாவினருக்குப் பூச்சு விற்றுவந்தனர். வெட்டவேண்டிய மரம் ஓடைக்கு அப்பாலோ முட்புதருக்கு நடுவிலோ நின்றால், அருகிற் சென்று அடையாளமிடுவது எங்ஙனம்? மருந்துக் குளிகை செய்வது போலவே வழவழப்பான ஜெலற்றின் உறைக்குள் பூச்சை அடைத்து, வாயுவினால் எறிவதே அவர்கள் கண்ட வழி. குறோஸ்மன் நிறுவனம் 707 என்ற இலக்கமிட்ட கருவியை 1960களிற் செய்து கொடுத்துப் பின்னர் கைவிட்டது. அதன்பின் டெய்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேல் என்பவர் வகுத்த கருவியே நெல்ஸ்பொட் 007. மரத்துக்கு மட்டுமன்றி, மந்தையில் ஒரு மாட்டைத் தூரத்திலிருந்தே அடையாளப்படுத்தவும் அது பயன்பட்டது. காய்ச்சிய இரும்பின் வேதனை மாட்டுக்கு இல்லை. ஆனால் சுட்ட குறி போல அது நிலைப்பதும் இல்லை.

உழவுத் தொழிலாளரின் இந்தக் கருவி விளையாட்டுக்கு வந்தது ஒரு வாதத்தினால். நகரத்திற் பங்கு வணிகம் செய்பவன் காட்டிலே பிழைப்பானா, காடறிந்தவன் பிழைப்பானா என்று ஹேய்ஸ் நோயல் என்ற வணிகரும் சார்ள்ஸ் கெயின்ஸ் என்ற எழுத்தாளரும் வாதிட்டனர். 1981 ஜூன் 27 ஆம் நாள், நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக் காடொன்றிலே, 12 பேர் நெல்ஸ்பொட் ஏந்திக் கொடிகளைக் கைப்பற்றப் புறப்பட்டனர். வென்றவர் காட்டுத் தொழில் அறிந்த ஒருவர். அவர் ஒரு குண்டேனும் சுடவில்லை என்பதே அன்றைய நாளின் சுவையான செய்தி.

அக்காலக் கருவி ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பூட்டப்படுவது. குழாயிலுள்ள அடுத்த குண்டு உருண்டு வரும்படி கருவியைச் சரிக்கவும் வேண்டும். இதற்குரிய ஆற்றலைத் தருவது 12 கிராம் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, அடைத்த சிறு குப்பி. சோடா செய்யும் 8 கிராம் குப்பி இதற்குப் பொருந்தாது. பிற்காலத்துக் கருவிகளிற் பெரிய வாயு உருளைகள் பூட்டப்பட்டன. அத்தகைய உருளையோடு பழைய கருவி கிடைக்குமாயின், நீரழுத்தச் சோதனையின் திகதி உருளையிற் பொறித்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். உருளையைக் கழற்றும்போது அதன் அடைப்பிதழே கழன்று வருமாயின், உருளை ஏவுகணை போற் பாயும். அவ்வாறு உயிர் போனதும் உண்டு.

விலை பேசுமுன் இறப்பர் வளையங்களை நோக்குக. அவை காய்ந்து வெடித்திருந்தால் வாயு கசியும். புதியன மாற்றுவது கடினமன்று. குழலின் உட்புறம் துருவின்றி வழவழப்பாக இருத்தல் வேண்டும். குண்டொன்றைக் குழலில் இட்டால் அது தானே உருண்டு விழலாகாது. வாயால் ஊதினால் வெளிவரவேண்டும். குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம் அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. ஆனால் வாயுவை முற்றாக நீக்கிய பின்னரே இதனைச் செய்யவேண்டும். குண்டின் விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். எடை 3 கிராம். முற்காலக் குண்டுகளில் எண்ணெய்ப் பூச்சு இருந்தமையால் ஆடையைக் கழுவ டர்ப்பன்ரைன் வேண்டியிருந்தது. இன்றையவை நீரிற் கரைவன.

இனி ஒலுவிலின் வெயிலுக்கு வருவோம். அடைத்த குப்பியிலே கரியமில வாயு பெரும்பகுதி நீர்ம நிலையில் இருக்கும். அதன் அழுத்தம் 0 பாகை செல்சியசில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 35 மடங்கு. 20 பாகையில் 57 மடங்கு. 31 பாகையில் 73 மடங்கு. 31 பாகையைக் கடந்தால் நீர்மம் என்ற நிலையே இல்லாது போகிறது. அதற்குமேல் வெப்பம் ஏற ஏற, நிறைந்த குப்பியின் அழுத்தம் விரைந்து உயரும். நியூ ஹாம்ஷயரின் குளிர்ந்த காட்டில் ஒழுங்காகச் சுட்ட கருவி, அம்பாறைக் கரையோரத்து நண்பகலில் வேறொரு கருவியாகிவிடும். விளையாட்டுக் களங்களில் வழக்கமான உச்ச வேகம் செக்கனுக்கு 300 அடி. வெப்பம் அதனை மீறச் செய்யக்கூடும். ஆதலால் வேகத்தை அளந்தறியாது மனிதர்மீது சுடலாகாது. குப்பிகளை வெயிலிலோ பூட்டிய வாகனத்திலோ வைத்தலும் ஆகாது. கடற்காற்றின் ஈரத்திலே ஜெலற்றின் உறை ஊறி வீங்கி, குழலுக்குள்ளேயே உடையும். காற்றுப் புகாத டப்பாவே அதற்கு இடம்.

மணலும் ஒரு பகையே. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயையே மணல் அடைத்தது என்றால், சிறு கருவியின் பூட்டு எம்மாத்திரம்! அக்கரையோரத்திற் கையாளப்பட்ட கருவியை ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

கருவி எத்தனை பழையதாயினும், தோற்றத்தில் துவக்கே. 2009 வரை போர் நடந்த நாட்டிலே, அலைதடுப்புக் கல்லணையருகே ஒருவன் அதை ஏந்தி நின்றால், காண்போர் அதனை விளையாட்டுப் பொருளெனக் கொள்வார்களா? துவக்குகளை ஆளும் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத்தது. வெளிநாட்டிலிருந்து இதனைக் கொணர எண்ணுவோர், பணம் செலுத்துமுன்பே சுங்கத்தாரிடமும் பொலிசாரிடமும் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். பயணப்பெட்டிக்குள் மறைத்துக் கொணர்ந்தபின் விளக்கம் சொல்வது நடவாத காரியம்.

அனுமதி கிடைத்தபின்னும், மதிலால் அடைத்த இடத்திலேயே பழகவேண்டும். முகமூடி இவ்விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். நீச்சற் கண்ணாடியும் வெல்டிங் கண்ணாடியும் 3 கிராம் குண்டின் மோதலைத் தாங்கமாட்டா. சுடுபவர் மட்டுமன்றி வேடிக்கை பார்க்கும் சிறுவரும் அதனை அணிதல் வேண்டும். கடைசிக் குண்டு சுட்டு, குப்பியைக் கழற்றி, குழலின் வாயை அடைக்கும்வரை எவரும் முகமூடியைக் கழற்றலாகாது.