கண்ணுக்கும் செவிக்கும் இடையே

மாத்தளை நகரில் மாசிமகப் பெருவிழா. முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியில் வருகின்றன. தவிற்காரரின் கோல் தோலில் விழுவதை வீதியின் மறுகோடியில் நிற்பவர் முதலிற் காண்கிறார். ஓசை சற்றுப் பின்னரே அவர் செவியை எட்டுகிறது. ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் விரைகிறது. ஒலியோ ஏறக்குறைய 340 மீற்றர்தான் செல்கிறது. ஆகவே, 170 மீற்றர் தொலைவில் ஓசை அரைச் செக்கன் பிந்துகிறது. இதனை எவரும் குறையென்று கூறுவதில்லை. இயற்கையே மனிதனை இதற்குப் பழக்கிவிட்டது.

வீட்டுத் தொலைக்காட்சியில் இது நிகழும்போதுதான் குழப்பம் எழுகிறது. உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ ஒரு சிறுவன் தொலைக்காட்சித் திரையில் கிரிக்கெட் விளையாடுகிறான் என்று கொள்வோர், அவன் படும் பாட்டை எளிதில் உணரலாம். மெய்யான ஆடுகளத்தில் வேகப்பந்து மட்டையை அடைய அரைச் செக்கன் அளவே ஆகும். திரையில் பந்து பத்தில் ஒரு செக்கன் பிந்தித் தெரிந்தால், அவனுக்குரிய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பறிபோகிறது. அவன் தன் கையைக் குறை கூறுகிறான். பெரியோரோ பெட்டியைக் குறை கூறுகின்றனர். மிளகு விற்ற பணம் புதிய பெட்டிக்குத் தவணையாகப் போய்விடுவதும் உண்டு.

இத்தாமதம் எங்கே பிறக்கிறது? 1979 ஆம் ஆண்டு இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியபோது வீடுகளுக்கு வந்தவை கதிர்க்குழாய்ப் பெட்டிகள். அவை வந்த சைகையை வந்தவாறே திரையில் வரைந்தன. இக்காலத் தட்டைத் திரைகளோ படத்தை முதலில் நினைவிற் சேமிக்கின்றன, பெரிதாக்குகின்றன, நிறத்தைத் திருத்துகின்றன, அசைவை மென்மையாக்குகின்றன, அதன் பின்னரே காட்டுகின்றன. திரைப்படம் பார்ப்பவருக்கு இவ்வலங்காரம் இன்பம், விளையாடுபவருக்கு இடையூறு.

இங்கே இரு தாமதங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, படமும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்தாமை. மற்றது, கை பொத்தானை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடைப்பட்ட தாமதம். முன்னதற்கு, முந்துவதைச் சற்று நிறுத்தி வைத்தாற் போதும். பின்னதற்கு அவ்வழி உதவாது. பிந்திய படத்தோடு ஒலியையும் பிந்தச் செய்தால் இரண்டும் இணங்கும். கையோ தனித்தே நிற்கும்.

எனவே முதலிற் படத்தை விரைவுபடுத்த வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் 'கேம் மோட்' என்றொரு தெரிவு உண்டு. அதனை இயக்கினால் வேண்டாத அலங்காரங்கள் விலகும். சில பெட்டிகளில், விளையாட்டுக் கருவி பொருத்தப்பட்ட எச்டிஎம்ஐ துளைக்கென்றே இத்தெரிவைத் தனியாக இயக்கவேண்டியிருக்கும்.

அடுத்து ஒலி. புறத்தே உள்ள ஒலிபெருக்கியை நிறுத்தி, பெட்டியின் சொந்த ஒலியைக் கேட்டுப் பார்த்தல் நன்று. அப்போது பொருத்தம் சரியாயிருந்தால், குறை புற ஒலிபெருக்கியின் வழியில் உள்ளது. புளூடூத் வழியே செல்லும் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதால் பிந்துவது வழக்கம். கம்பி இணைப்பு அதனைப் பெரிதும் நீக்கும். ஒலி வடிவத்தைப் 'பிசிஎம்' என மாற்றுவதும் சில இடங்களில் உதவும். ஒலி முந்தினால் மட்டுமே 'ஓடியோ டிலே' அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். முன்பே கூட்டி வைத்திருந்தவர்கள், படம் விரைவுபட்டபின் அதனைக் குறைக்க மறத்தலாகாது.

எவ்வளவு பொருத்தம் போதும்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரை இதற்கு அளவு கூறுகிறது. ஒலி முந்தினால் ஏறக்குறைய 45 மில்லிசெக்கனிலேயே பார்ப்போர் அதனை உணர்கின்றனர். பிந்தினாலோ ஏறக்குறைய 125 மில்லிசெக்கன் வரை உணர்வதில்லை. தொலைவில் விழும் கோலைக் கண்டபின் ஓசை கேட்டுப் பழகிய செவி, பிந்துவதைப் பொறுக்கிறது, முந்துவதைப் பொறுப்பதில்லை.

இம்மாற்றங்களுட் பலவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. சிறிது பொறுமை போதும். புதிய பெட்டிக்கு விலை கேட்குமுன் பழைய பெட்டியின் அமைப்பைப் பார்ப்பது சிக்கனம். பிள்ளையின் கை மந்தமென்று தீர்ப்புக் கூறுமுன் அதனைப் பார்ப்பதோ நீதி.