அறிவியல் வகுப்பும் ஒன்றரை மணிப் பேருந்தும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாள் முழுதும் உழைத்துக் களைத்த பின்னும் இத்தனை பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே பொருளுக்கு வந்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் மருத்துவராகவும் தாதியராகவும் ஆய்வாளராகவும் வருவதற்கு எது தடையாக இருக்கிறது? "பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை" என்பதே பலரும் கூறும் விடை. அதில் உண்மை உண்டு. அதைப் பற்றியும் பேசுவோம். ஆனால் பல்கலைக்கழக வாயிலை எட்டுவதற்கு வெகு முன்னரே, பதினாறு வயதில், யாரும் கவனியாத ஒரு நாளில், நம் பிள்ளைகளில் பலர் வழி மாறிப் போகின்றனர். இன்று அந்த ஒரு நாளைப் பற்றியே மிகுதியாகப் பேச விரும்புகிறோம்.

முற்காலத்தில் தோட்டத்து மக்களுக்கு மருத்துவம் என்றால் ஒரே ஒரு முகம்தான் தெரியும். அது தோட்டத்து ஆஸ்பத்திரி 'டிரசர்' ஐயாவின் முகம். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரும் அவரே. வேலைக்குப் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. அந்தப் பணிக்கெனத் தனிப் பதிவுச் சட்டமே 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆனால் அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியில் பயின்று, யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த குடும்பத்தினரே அமர்ந்தனர். லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டப் பள்ளி மட்டுமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது உண்மைதான். கொட்டகை இருந்தது; சில இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாராக நின்றார். ஆறாம் வகுப்போடு பாதை முடிந்தது. பால்மரம் வெட்டுபவரின் மகன் டிரசர் ஆகலாம் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. அறிவு குறைந்து அன்று, பாதை இல்லாமற் போனதாலேயே.

அறிவியல் என்பது நமக்கு எட்டாத பொருள் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. விடியுமுன் மரத்தில் பால் அதிகம் வடியும் என்பதை உங்கள் பாட்டி அறிவார். வெயில் ஏறுமுன் மரத்திற்குள் நீரழுத்தம் மிகுதியாக இருப்பதே அதற்குக் காரணம் என்பது மட்டுமே அவருக்குச் சொல்லப்படவில்லை. பால் உறையாதிருக்க அமோனியா, உறைவதற்குப் பார்மிக் அமிலம் என்று, இரசாயனப் பாடத்தின் பாதி தோட்டத்துக் கொட்டகையிலேயே நடந்துகொண்டிருந்தது.

செம்பனையின் கதை இன்னும் சுவையானது. செம்பனையில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. காற்று போதவில்லை என்று கண்டதும் ஆட்களை வைத்து மகரந்தத் தூளைப் பெண் பூக்களின்மேல் தூவச் செய்தார்கள். மரத்துக்கு மரம் நடந்து, முள்ளிலே கை கிழிபட அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்மணிகள் ஏராளம். அதே செம்பனை ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் யாரும் தூவாமலே நன்கு காய்க்கிறதே, ஏன் என்று ஒருவர் கேட்டார். ரகுமான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் அங்குச் சென்று ஆராய்ந்தார். மகரந்தத்தைச் சுமந்து செல்வது ஒரு சிறு கூன்வண்டு என்று கண்டறிந்தார். 1981-ஆம் ஆண்டில் அந்த வண்டு நம் நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை அத்துடன் மறைந்தது. அதனால் கூலி இழந்தவர்களும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பூக்களுக்கு முன்னே நின்றிருந்தார்கள். எந்தப் பூவில் எந்தப் பூச்சி மொய்க்கிறது என்று அவர்களைப் போல் அறிந்தவர் யார்? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் இடத்தில் அவர்கள் பிள்ளைகளும் இல்லை.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்த நாளுக்கு வருவோம். இந்தப் பணிக்கு வருமுன் நாம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். நான்காம் படிவத்தில் மாணவி ஒருத்தி அறிவியல் பிரிவுக்குத் தேர்வானாள். பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து வருபவள். கணிதத்தில் வகுப்பிலேயே முதல்வள். மூன்று வாரம் கழித்துக் கலைப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி எழுதிக்கொண்டு வந்தாள். பாடம் கடினம் என்று காரணம் எழுதியிருந்தாள். நாமும் நம்பிக் கையெழுத்திட்டோம்.

உண்மைக் காரணத்தை வெகு நாள் கழித்தே அறிந்தோம். ஆய்வுக்கூட வகுப்பு பிற்பகலில் நடந்தது. தோட்டத்துப் பக்கம் போகும் பேருந்து ஒன்றரை மணிக்குப் புறப்பட்டுவிடும். அடுத்த வண்டி அந்திக்குப் பிறகுதான். வயதுவந்த பெண் இருட்டில் செம்பனைக் காட்டு வழியே நடந்து வருவதா என்று தந்தை அஞ்சினார். வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வெளிவந்திருக்கும் காரணம் அது. நாம் கேட்கவில்லை. அந்தப் பெண் இன்று ஒரு தொழிற்சாலையில் மருத்துவக் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். நேர்மையான வேலை, அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அந்தக் கையுறையை அணிந்துகொள்ளும் கையாக அவர் கை இருந்திருக்கலாம் என்ற நினைவு நம்மை விட்டு அகலவில்லை.

பல்கலைக்கழக இடங்களைப் பற்றிக் கேட்பீர்கள். மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் 90 விழுக்காடு பூமிபுத்திரருக்கும் 10 விழுக்காடு மற்றவருக்கும் என்னும் ஒதுக்கீடு உண்டு. 2019-ஆம் ஆண்டில் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற மாணவர் எவ்வினத்தவராயினும் அவருக்கு மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் பத்து ஏ எடுக்கும் பிள்ளைக்குக் கதவு திறந்தது என்றால், தோட்டத்திலிருந்து வந்து, துணைவகுப்பு எதுவுமின்றி ஆறு ஏ எடுக்கும் பிள்ளைக்கு என்ன வழி என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்தப் பிள்ளைக்கு எஸ்.டி.பி.எம். வழி இருக்கிறது. கடினமானதுதான், ஆனால் படிப்பது அரசாங்கப் பள்ளியிலேயே, பெருஞ்செலவும் இல்லை.

மருத்துவராவது ஒன்றுதான் மருத்துவத் துறை என்று எண்ணிவிடாதீர்கள். தாதிமை, மருத்துவ உதவி அதிகாரிப் பணி, எக்ஸ்ரே, ஆய்வுக்கூடம், இயன்மருத்துவம் எனப் பல கதவுகள் உள்ளன. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் டிப்ளோமா படிப்போருக்கு உதவித்தொகையும் கிடைக்கிறது. தாதிமை படிக்க விரும்புவோர் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் பெறுவதில் கண்ணாக இருக்க வேண்டும். தாதிமை பெண்களுக்கு மட்டும் உரியது என்று ஆண்பிள்ளைகளைத் தடுப்பதும் வேண்டாம்.

நம் பிள்ளைகள் அங்கே இருப்பது நோயாளிக்கும் வேண்டியதாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. "கால் மரத்துப் போகிறது, உள்ளங்கால் எரிகிறது" என்று தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த மூதாட்டி மருத்துவமனையில் எத்தனை முறை வாய் மூடித் திரும்பியிருப்பார்!

கூடி முயன்றால் முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு வரக் காரணமில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, லயம் லயமாக வந்து பேசினார். மாதம் பத்து வெள்ளி என்று கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியவர்கள் உங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வுக்குப் பயிற்சி அளித்து ஏராளமான பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியிருக்கிறது. தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு, வாரத்தில் இரண்டு பிற்பகல் ஒரு வேன் ஏற்பாடு செய்வது பெரிய காரியமா? ஆய்வுக்கூட வகுப்பு முடியும் நேரத்தில் பள்ளி வாசலில் ஒரு வேன் நின்றால் போதும். இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் நான்காம் படிவத்துக்குப் போகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டோம். பதினொருவர் என்றார். ஒரு வேன் கொள்ளும் கணக்கு.

இன்னும் ஒன்று. எஸ்.பி.எம். முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பது நம்மிடையே வழக்கம். மேற்படிப்பு விண்ணப்பங்கள் பல, முடிவு வெளிவருமுன்பே திறந்துவிடுகின்றன. எல்லாம் கணினி வழியாகவே நடப்பதால், கைப்பேசியில் இணையம் சரிவரக் கிடைக்காத தோட்டங்களில் கடைசி நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அதனால்தான் இன்று கணினி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறோம். அதோ, நூலக அறையில் மேசை போட்டிருக்கிறது. பிள்ளையின் அடையாள அட்டையும் பள்ளி மதிப்பெண் தாளும் கையில் இருப்பவர்கள் முதலில் வரலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வாருங்கள். இரவு ஒன்பது மணிவரை இங்கேயே இருப்போம். அந்தப் பதினொரு பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் சற்றுப் பொறுங்கள். வேன் ஓட்டும் தம்பி வெளியே காத்திருக்கிறார். வாடகையைப் பேசி முடித்துவிடலாம்.