குறைபட்ட அணுக்கள்

சுவருக்குப் பூசும் வர்ணத்துக்கு வெண்மை தருகிற டைட்டேனியம் டை ஆக்ஸைடு என்னும் பதார்த்தத்தை, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் கறுத்த இல்மனைட் மணலிலிருந்து பிரித்தெடுக்கலாம்; நீரில் கரையாமலும் சாமானிய அமிலங்களுக்கு அசையாமலும் இருப்பதால், இதனினும் சாதுவான வஸ்து வேறுண்டோ என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தச் சாதுத்தனம் உட்புறத்துக்கு மாத்திரமே உரியது. ரூட்டைல் எனப்படும் அதன் ஸ்படிகத்தினுள்ளே ஒவ்வொரு டைட்டேனிய அணுவும் ஆறு பிராணவாயு அணுக்கள் சூழக் குறையின்றி இருக்க, ஸ்படிகம் முடிவடைகிற மேற்பரப்பிலோ, அதன் மிக ஸ்திரமான முகத்தில்கூட, பாதி டைட்டேனிய அணுக்களுக்கு ஐந்து துணைகளே வாய்க்கின்றன. வெற்றிடத்தில் வைத்துச் சூடேற்றினால், டைட்டேனியங்களுக்கிடையே பாலமாய் நிற்கும் பிராணவாயு அணுக்களிலும் சில கழன்றுபோய் ஆங்காங்கே பள்ளம் விழுகிறது. வெளிறியிருந்த ஸ்படிகம் நீலம் பாய்ந்துவிடுகிறது. அத்தகைய பள்ளத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து விழுமாயின், அதன் பிராணவாயு பள்ளத்தை நிரப்ப, பிரிந்த ஹைட்ரஜன் பக்கத்துப் பாலத்தைப் பற்றிக்கொள்ள, நீர் நீராயிராமல் இரண்டு ஹைட்ராக்ஸில்களாகிவிடுகிறது. அணுவைத் தனித்தனியே காட்டும் நுண்ணோக்கிகளால் இதைப் பள்ளம் பள்ளமாகவே பார்த்திருக்கிறார்கள்.

1967-இல், டோக்கியோ சர்வகலாசாலையில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த அகிரா புஜிஷிமா, ரூட்டைல் ஸ்படிகமொன்றை நீர்க்கரைசலில் அமிழ்த்திச் செனான் விளக்கின் ஒளியைப் பாய்ச்சியபோது, அதன் மேற்பரப்பிலிருந்து குமிழிகள் எழுந்தன. விளக்கை அணைத்ததும் நின்றன. எழுந்தது பிராணவாயு; கம்பியால் இணைத்த பிளாட்டினத்திலே எழுந்தது ஹைட்ரஜன்; ஸ்படிகமோ சிறிதும் தேயவில்லை. புறஊதாக் கிரணம் ஓர் எலக்ட்ரானை அதன் ஸ்தானத்திலிருந்து கிளப்பிவிட, காலியான அந்த ஸ்தானம் மேற்பரப்புக்கு வந்து நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது என்பதே இதன் சூட்சுமம். ஒளியால் நீர் பிளவுறும் என்பதை நிபுணர்கள் எளிதில் ஒப்பவில்லை. ஒரு மாணவர் சொன்னால் ஒப்புவார்களா என்ன! 1972-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அது வெளிவந்தது.

இதனால் சூரியனிடமிருந்தே எரிபொருள் பெறலாம் என்று எழுந்த ஆசை முழுதும் நிறைவேறவில்லை. ஏனெனில் சூரிய ஒளியிலுள்ள புறஊதாப் பங்கு மிகச் சொற்பம். எரிபொருளுக்குப் போதாத அந்தச் சொற்பம், அழுக்கைச் சிதைக்கப் போதும். டைட்டேனியம் டை ஆக்ஸைடை மிக மெல்லிய படலமாகப் பூசிய ஜன்னல் கண்ணாடிகள் 2001 முதல் விற்பனைக்கு வந்தன: வெயில் பட்ட அப்படலம் படிந்த பிசுக்கைச் சிதைக்கிறது, மழை நீர் துளித்துளியாக நில்லாமல் பரவி ஓடி, எஞ்சியதை அடித்துக்கொண்டு போகிறது. வெயிலும் மழையும் எட்டாத உள்ளறையில் மாட்டுவோருக்கு அதனால் பிரயோஜனமில்லை. துணி கொண்டு துடைத்தே தீரவேண்டும்.