முரசு வீங்க முன்னம் வாருங்கள்

பல் வைத்தியம் என்றாலே பயப்படுகிறவர்களோடு இன்றைக்குக் கொஞ்சம் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். வானொலிதானே, வாயைத் திறக்கச் சொல்லமாட்டேன். ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

மூதூரில் என்னிடம் வந்த ஒருவர், கொட்டியாரக் குடாவில் இரவிரவாக வலை போடுகிற மனிதர். கதிரையில் சாய்ந்ததும் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "டொக்டர், எனக்கு ஊசி போட்டாலும் விறைக்காது" என்றார். சின்ன வயதில் கன்னம் வீங்கிக் கிடந்த நேரம், வாப்பா தோளைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கராம்பு எண்ணெய், பனடோல், உப்புத் தண்ணீர் என்றே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் நின்று பேச விடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

நாங்கள் போடுகிற விறைப்பு மருந்து லிக்னோகெய்ன். 1943 இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. நரம்புக்குள் சோடியம் அயன்கள் புகுந்தால்தான் நோவு என்ற செய்தி மூளைக்குப் போகும். இந்த மருந்து நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போய் அந்த வழியை அடைத்துவிடும். ஆனால் சீழ் கட்டி வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூட. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்றுவிடுகிறது, பிறகு அதனால் சவ்வைத் தாண்ட ஏலாது. அதனால் வீக்கத்தோடு வருகிறவருக்கு விறைப்பு அரைகுறை. நொந்துபோன பயத்தில் அடுத்த முறையும் வீங்கும்வரை வீட்டிலேயே இருப்பார். அடுத்த முறையும் சரியாக விறைக்காது. பார்த்தீர்களா, பிந்தி வருவதுதான் நோவைக் கொண்டுவருகிறது.

அந்த மனிதருக்கு முதல் நாள் கண்ணாடியால் பார்த்ததோடு சரி. வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த முறை ஓர் ஒப்பந்தம் போட்டோம்: இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்த வேண்டும். முதலில் சும்மா சோதித்துப் பார்க்கத் தூக்கினார், நிறுத்தினேன். இன்னொரு தரம் தூக்கினார், நிறுத்தினேன். பிறகு கை மடியிலேயே கிடந்தது. முரசில் விறைக்கிற களிம்பைப் பூசி, மருந்தை மெல்ல மெல்ல ஏற்றி, நன்றாக விறைக்கும்வரை காத்திருந்துதான் சூத்தையைச் சுரண்டி அடைத்தேன். விறைத்த பிறகும் அழுத்துவது தெரியும், சத்தம் கேட்கும். இதை முன்னமே சொல்லாவிட்டால் அழுத்தத்தையே நோவென்று நினைத்துப் பதறுவார்கள். உங்கள் வைத்தியர் சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்கள்.

உம்மாமாரே, அம்மாமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "சோறு தின்னாவிட்டால் டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவேன்" என்று பிள்ளையை வெருட்டாதீர்கள். அந்த வெருட்டின் பலனைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் நாங்கள் அனுபவிக்கிறோம்! டிஸ்பிரின் வில்லையைப் பல்லடியில் வைப்பவர்களும் கவனியுங்கள், முரசு வெந்து புண்ணாகிவிடும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை இரண்டு கிழமைக்கு மேல் மாறாமல் இருந்தால், நோகாவிட்டாலும் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது.

கலையகத்தில் நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பல் துலக்குவது பற்றிச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் இன்னொரு நாளைக்கு. அரச வைத்தியசாலையில் பல் வைத்தியத்துக்குக் காசு இல்லை. பெரிய சிகிச்சைக்குத் திருகோணமலைக்குப் போகச் சொன்னாலும், முந்தி மாதிரி குடாவைக் கடக்க லோஞ்சுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போய் வரலாம். நோவு இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வாருங்கள். கதிரையில் இருக்க முன்னம், "எனக்குப் பயம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.