அடுத்த வீட்டுக்குப் போக அவர்களுக்கு நேரம் கொடுங்கள்



பட்டம் பெறும் இறையியல் மாணவ மாணவியரே, இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் ஏதாவது ஒரு சேகரத்தில் பொறுப்பேற்பீர்கள். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு, "சுவிசேஷ வேலைக்கு இந்த வருஷம் என்ன செய்யப்போறோம் ஐயா?" என்று கேட்பார்கள். பந்தல் போட்டு மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தலாம், கைப்பிரதி அச்சடிக்கலாம், வேன் பேசிக் கிராம ஊழியத்துக்குப் போகலாம் என்று யோசனையும் அவர்களே சொல்வார்கள். இவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கிறிஸ்துவின் செய்தி இந்த மண்ணில் எந்த வழியாக வந்தது என்று தேடிப் பார்த்தால், மேடைகள் வருவதற்கு முன்பே நமக்குக் கிடைப்பவர்கள், ஏற்கெனவே பழகிய இரண்டு பேர்.

குமரி மாவட்டத்திலேயே அதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அரசர் மார்த்தாண்டவர்மர் அவரைக் கொல்லாமல், தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் நடந்த வேலைகளின் வழியாக அவருக்குப் பழக்கமானவர் நட்டாலத்தைச் சேர்ந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை. ஒருவர் கடல் கடந்து வந்து கைதியானவர். மற்றவர் அரசரின் நம்பிக்கையைப் பெற்ற உள்ளூர்க்காரர். அந்தச் சமயத்தில் நீலகண்டர் வீட்டில் இழப்புக்கு மேல் இழப்பு. மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது. நண்பரின் முகம் வாடியிருப்பதை டிலனாய் கவனித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். முழுவதையும் கேட்ட பிறகு யோபுவின் கதையைச் சொன்னார்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முதலில் முகத்தைக் கவனித்தது, பிறகு கேட்டது, அதற்கும் பிறகுதான் சொன்னது. சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்டதும் யோபு. என் கடவுளிடம் வந்தால் போன மாடு திரும்பி வரும் என்று அவர் ஆசை காட்டியிருக்கலாம். ஒன்றும் மிச்சமில்லாமல் இழந்து, கடவுளோடேயே வழக்காடிய ஒரு மனிதனின் கதையை எடுத்தார். துக்கத்திலிருக்கிறவனோடு பேசத் தெரிந்தவரின் தேர்வு அது. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போருக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். டிலனாய் குருவானவர் அல்லர், போர்வீரர். நண்பரை வடக்கன்குளத்துக் குருவானவரிடம் ஒரு கடிதத்தோடு அனுப்பி வைத்தார். குருவானவரின் பங்கு கடைசியில்தான் வருகிறது என்பதை, குருத்துவப் பணிக்குப் போகப்போகிற நீங்கள் மறக்காதீர்கள். தேவசகாயம் வீட்டுக்குத் திரும்பித் தம் மனைவி பார்கவி அம்மாளிடம் சொன்னார். அவர் ஞானப்பூ ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டதும், 2022 மே மாதம் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபையார் என்று இந்த வரலாற்றைத் தள்ளி வைக்க வேண்டாம். ஒரு நண்பன் விசாரித்ததில் தொடங்கிய கதை இது.

இயேசுவும் இதே வழியைத்தான் காட்டினார். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்து குணமான மனிதன், இயேசுவோடு படகில் ஏறிவிட வேண்டும் என்று மன்றாடுகிறான். நாமாக இருந்தால் உடனே ஏற்றிக்கொண்டிருப்போம். அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்ல ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்போம். ஆண்டவர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்றார்.

1873இல் பஞ்சாபின் சியால்கோட்டில் இதே போன்று ஒன்று நடந்தது. தித்து என்பவர் தோல் வாங்கி விற்கும் ஏழை, கால் ஊனமானவர், ஊராரால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர். மிஷனெரிமார் பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்துபோன நட்டு என்கிற ஜாட் இளைஞர்தான் அவரை அழைத்து வந்தவர். ஞானஸ்நானம் பெற்றவுடன் தித்து ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றார். மிஷனெரிக்குத் தயக்கம்; கற்றுக்கொடுக்காமல் எப்படி அனுப்புவது? ஆனாலும் தித்து போனார். உறவினர்கள் திட்டினார்கள், ஒதுக்கினார்கள். அவர் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு, தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் தம் சொந்தபந்தத்தோடு பேசினார். சில மாதங்களில் மனைவியையும் மகளையும் அக்கம்பக்கத்தார் இருவரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு சியால்கோட்டுக்கு வந்தார். அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைக்குள் வந்ததற்குத் தொடக்கம் இதுதான். மிஷன் காம்பவுண்டுக்குள் அவரைத் தங்க வைத்திருந்தால் ஒரு நல்ல காவலாளி கிடைத்திருப்பார்.

நாம் இன்று செய்வது பெரும்பாலும் அந்தக் காம்பவுண்டு வேலையைத்தான். ஒருவர் புதிதாக விசுவாசத்துக்குள் வந்தால் என்ன நடக்கிறது? ஞாயிறு ஆராதனை, செவ்வாய் பெண்கள் ஐக்கியம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு, மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம். இரண்டே ஆண்டுகளில் சபைக்கு வெளியே அவருக்கு ஒரு நண்பர்கூட மிஞ்சுவதில்லை. பிறகு நாமே அவர் கையில் கைப்பிரதிக் கட்டைக் கொடுத்து, முன்பின் தெரியாத தெருவுக்கு வேனில் அனுப்புகிறோம். சொந்தத் தெருவில் பேசும் உறவை இழந்தவர் அயல் தெருவில் என்ன பேசுவார்?

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அதிகம் படிக்காதவர், மைக் பிடித்துப் பேசியதே இல்லை. அடுத்த வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் நேராகத் தையல் கடைக்கு வந்துவிடுவார்கள். வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே வீட்டுப்பாடம் எழுத வைப்பார். தோசை சுட்டுக் கொடுப்பார். இருட்டிய பிறகு அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, களைப்பில் அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருவார். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் அந்த அம்மா, "அக்கா, ராத்திரி நீங்க ஜெபம் பண்றது எங்க வீடு வரைக்கும் கேக்குது. எங்க பேரையும் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்மா" என்றார் இவர். அன்று அதற்குமேல் பேச்சில்லை.

பின்னொரு நாள் கேள்வி வந்தது. "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" தெரியவில்லை என்றுதான் அக்கா பதில் சொன்னார். ஆனால் இயேசு லாசருவின் கல்லறை முன்னால் அழுததைச் சொன்னார். அந்த அம்மாவின் கணவர் இறந்தபோது அக்கா அந்த வீட்டிலேயே இருந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, பதினாறாம் நாள் வரை சமையலைப் பார்த்துக்கொண்டார். இப்போது இருவரும் சேர்ந்து லூக்கா சுவிசேஷம் வாசிக்கிறார்கள். அந்த அம்மா இன்னும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். ஞானஸ்நானம் பற்றி அவரும் கேட்கவில்லை, அக்காவும் அவசரப்படவில்லை. சபையில் ஒருவர் அக்காவிடம், "இத்தனை நாள் பழகினீங்களே, ஏதாவது பலன் உண்டா?" என்று விசாரித்தாராம். அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பசியோடு படுக்காததும், ஒரு விதவை தனியாக அழாததும் நம் ஆண்டவரின் பார்வையில் பலன் இல்லையா?

இதில் நான் உறுதியாக இருக்கிறேன், நீங்களும் உறுதியாக இருக்க வேண்டுகிறேன்: நட்பைத் தூண்டிலாக்காதீர்கள். ஆள் சேர்ப்பதற்காகப் பழகுகிறவனை நம் ஊர் ஜனங்கள் இரண்டாவது சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் அவருடைய பயத்தைப் பயன்படுத்திப் பேசுவதும், உதவியைக் காட்டி மனதை மாற்றப் பார்ப்பதும் சுவிசேஷத்துக்கே அவமானம். அவர் போதும் என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் அதே அன்போடு வாசலில் நின்று பேச வேண்டும். அதே சமயம், நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சி வாயே திறக்காமல் இருப்பதும் நட்பாகாது. நம்மை உயிரோடு வைத்திருப்பதை நெருங்கியவரிடம் மறைத்தால், அவரிடம் நம்மில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம். கேட்கும்போது சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று பேதுரு எழுதியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் யாராவது நம்மிடம் கேட்கும்படி நாம் வாழ வேண்டியிருக்கிறது.

வாங்கவும் பழக வேண்டும். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். நம் சபையார் கொடுப்பதில் தாராளம். கிறிஸ்துமஸ் அன்று தெரு முழுக்கக் கேக் போகும். பொங்கல் அன்று அடுத்த வீட்டிலிருந்து கிண்ணம் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் மனச்சாட்சியை நான் அசட்டை செய்யவில்லை. உணவைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை அவர்களோடு பொறுமையாக உட்கார்ந்து வாசியுங்கள். அன்போடு நீட்டிய கையைத் தட்டிவிட்டால் அந்த வீட்டுக் கதவு பல ஆண்டுகளுக்குத் திறக்காது.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேசினார். மேலைநாட்டு மிஷனெரிமார் பொருளையும் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள், நன்றி; ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் தோர்னக்கல் பேராயரானார். அங்கே, ஞானஸ்நானம் பெற்ற எளிய விவசாயக் கூலிகளைத் தங்கள் தலையில் கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி பழக்கினார். படித்தவருக்கு மட்டும், சம்பளம் வாங்கும் உபதேசியாருக்கு மட்டும் என்று அந்தப் பொறுப்பை அவர் ஒதுக்கி வைக்கவில்லை.

அதே 1910இல் இன்னொன்றும் நடந்தது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், கோயிலுக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார் என்று நாம் போற்றும் மனிதரின் சபையிலேயே பின்னாளில் அப்படி ஒரு சுவர் எழுந்ததை நினைத்தால் மனம் பதறுகிறது. உறவின் வழியாகப் பரவும் விசுவாசத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் அழைத்து வந்தால் சபை வேகமாக வளரும். ஒரே சாதிச் சபையாகவும் வளரும். திருநெல்வேலியிலும் குமரியிலும் நாம் இன்றும் அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறோம்; பேராயத் தேர்தல் வரும்போது அது வெட்டவெளிச்சமாகிறது. டிலனாய்க்கும் நீலகண்டருக்கும் சாதியும் மொழியும் நாடும் வேறு. ஆகவே "யாரோடு பழகுகிறீர்கள்?" என்று சபையாரிடம் கேட்கும்போது, "எந்தத் தெருவில்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஊர்க்கோடித் தெருவில் நமக்கு ஒரு நண்பரும் இல்லை என்று பதில் வந்தால், அதற்காகச் சபையாக உபவாசித்து ஜெபிக்கலாம். பிறகு முதல் ஆளாக நீங்கள் அங்கே போய் ஒரு வீட்டில் டீ குடியுங்கள்.

உங்கள் முதல் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு மாலையாவது சபையில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். அந்த மாலைகளில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று கணக்கு எடுக்காதீர்கள், அறிக்கை கேட்காதீர்கள், யாருடைய நட்பையும் ஞாயிறு மேடையில் சாட்சியாக நிறுத்தாதீர்கள், அந்த நண்பரே முன்வந்து பேச விரும்பினாலொழிய. வேதபாட வகுப்பில், மற்றவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதற்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும், லூக்கா சுவிசேஷத்தை ஒருவரோடு உட்கார்ந்து வாசிப்பதற்கும் சபையாரைப் பழக்குங்கள். கூட்டங்களைக் குறைத்தால் காணிக்கை குறையும் என்று பொருளாளர் எச்சரிப்பார். முந்தைய போதகர் இதைவிட உற்சாகமாக ஊழியம் செய்தார் என்று ஒரு மூப்பர் சொல்வார். ஆண்டு முடிவில் பேராய அலுவலகத்திலிருந்து வரும் படிவத்தில், எத்தனை கூட்டங்கள் நடத்தினீர்கள் என்ற கட்டத்தில் சிறிய எண்ணைத்தான் எழுத வேண்டியிருக்கும். அதை மனச்சாட்சி உறுத்தாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வராத ஒருத்தி, அடுத்த வீட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால் அவளைக் கண்டிக்காதீர்கள். உங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய், அவளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டுமா என்று கேளுங்கள்.